பரிசோதனை இலவசமாக இருந்தும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏன் முற்றிய நிலையில் வருகிறார்கள்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு கேள்வி

கேள்வி எழுதியவர்: ஒட்டன்சத்திரம் குழுத்தோழி

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்றில் பொறுப்பு வகிக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லேன். இத்துறையில் வேலை செய்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பல ஆண்டுகளாக இலவசமாகச் செய்யப்படுகிறது. சுவரில் விளம்பரமும் இருக்கிறது, கிராம சுகாதார செவிலியரும் வந்து அழைக்கிறார். அப்படியிருந்தும், எங்கள் ஊர்களில் இந்நோய் கண்டவர்களாக எனக்குத் தெரிந்த பெண்கள் அனைவருமே, ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகோ, இடுப்புவலியும் கால்வீக்கமும் வந்த பிறகோதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வசதியான வீட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு மட்டும், கோயம்புத்தூரில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலேயே தெரியவந்து, சிறிய சிகிச்சையோடு முடிந்துவிட்டது. ஒரே ஊர், ஒரே நோய். ஒருவருக்கு அரை நாள் வேலையாக முடிந்தது மற்றவர்களுக்கு உயிர்ப் போராட்டமாகிவிட்டது.

இந்நோயிலிருந்து பெண்களைக் காப்பாற்ற விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு, எங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்தது என்று அண்மையில் படித்தேன். அந்த ஆய்வில் கலந்துகொண்ட பெண்களில் சிலர் இன்று பாட்டிமார்களாக எங்கள் குழுக்களில் இருக்கக்கூடும். இங்கே கண்டறிந்த வழி இங்கேயே ஏன் பலன் தரவில்லை?

"பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்ற பதிலைக் கூட்டங்களில் பலமுறை கேட்டுவிட்டேன். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எல்லாப் பழியையும் வராதவர்கள் மேல் போட்டுவிட்டு எழுந்துபோக அது வசதியான பதிலாகவும் இருக்கிறது. சங்கிலி எந்த இடத்தில் அறுகிறது என்பதை, தெரிந்தவர்கள் சொன்னால், அடுத்த கிராம சபையிலும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் எதைக் கேட்பது, எங்கள் குழுக்களே எதைச் செய்வது என்று முடிவுசெய்ய உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்

வணக்கம் அம்மா. பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தென் மாவட்டங்களில் கழித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஆய்விலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதிப் பாதியில் அப்போது நடைமுறையில் இருந்த மருத்துவ வசதியே தொடர்ந்தது. பரிசோதனை என்பது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதுதான். புற்றுக்கு முந்தைய மாறுதல் அடைந்த பகுதி வெள்ளையாகத் தெரியும். இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, அழைக்கப்பட்ட தொகுதிகளில் நோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. அதைப் படித்தபோது செவிலியர்களாகிய எங்களுக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. 49,311 பெண்களை அழைத்ததில் 31,343 பேர் வந்தார்கள். அவர்களில் 3,088 பேருக்கு மாறுதல் இருப்பதாகத் தெரிந்தது. அந்த 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பி, அதாவது உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்க்கும் சோதனை, நடந்து முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட ஒருவரும் தவறவில்லை. காரணம், அது வேறொரு நாளில் வேறொரு ஊரில் நடக்கவில்லை. பரிசோதித்த அதே இடத்தில், அதே வருகையில், செவிலியர்களே அதைச் செய்தார்கள். திசு எடுக்க வேண்டியிருந்தால் எடுத்தார்கள். உறைய வைத்து அழிக்கக்கூடிய சிறிய மாறுதலாக இருந்தால் அந்த கிரையோ சிகிச்சையையும் அப்போதே கொடுத்தார்கள். பெரிய மாறுதலோ புற்றோ இருந்தவர்களை மட்டுமே வெளியே அனுப்பினார்கள்.

இனி, நம்முடைய வழக்கமான திட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவடைந்த முயற்சி அது. பிற மாநிலங்களில் இதுகூட இல்லை என்பதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. நாட்டிலேயே முன்னிலையில் இருக்கிறோம்; பத்தில் ஒன்பது பெண்களைத் தொடாமலும் இருக்கிறோம்.

வந்தவர்களின் பாதையோ இப்படிப் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் "சந்தேகம்" என்று சீட்டு எழுதுகிறோம். கால்போஸ்கோப்பிக்கு அரசு மருத்துவமனைக்கு ஒரு நாள் போக வேண்டும். அன்றைக்கு அந்த மருத்துவர் பிரசவ அறையில் இருந்தால் இன்னொரு நாள் போக வேண்டும். சதைப் பரிசோதனை முடிவு வாங்க மறுபடியும் ஒரு நாள். முடிவுக்குப் பிறகு சிகிச்சைக்கு வேறொரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போகிறது. கூட வருபவருக்கும் சேர்த்து இரண்டு கூலி. இத்தனைக்கும் அந்தப் பெண்ணுக்கு வலியில்லை, நோய் இருப்பதாகவே தோன்றவில்லை. நன்றாக இருக்கும் ஒருத்தியை நான்கு முறை அலைய வைத்துவிட்டு, ஐந்தாம் முறை அவள் வரவில்லை என்று பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என எழுதினால் அது யாருடைய குறை? எங்கள் மாதாந்திரக் கூட்டங்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்; சந்தேகம் என்று அனுப்பியவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று அதே அழுத்தத்தோடு கேட்டதில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் ஊழியர்கள் செய்வார்கள்.

ஆகவே கிராம சபையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எங்கள் வட்டாரத்தில் கடந்த ஓராண்டில் சந்தேகம் என்று அறியப்பட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்களில் இறுதிவரை சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர்?" பெயர்கள் வேண்டாம், கேட்கவும் கூடாது; எண்ணிக்கை போதும். இரண்டாவது கோரிக்கை, பார்த்த அன்றே சிகிச்சை. கிரையோவுக்கு வாயு உருளை வேண்டும், அது தீர்ந்தால் கருவி மூலையில் கிடக்கும். இப்போது வெப்பத்தால் மாறுதலை அழிக்கும் சிறிய கருவி வந்திருக்கிறது. மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்கும், ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. வட்டாரத்துக்கு ஒன்று இருந்தால்கூட, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பரிசோதனையும் சிகிச்சையும் சேர்ந்து நடக்கும் முகாமாக அதை மாற்றலாம்.

விழிப்புணர்வு பற்றி நீங்கள் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால், நூற்பாலைக்குப் போகிறவர்களும் முருங்கை பறிக்கப் போகிறவர்களும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தரம் பிரிப்பவர்களும் எப்படி வருவார்கள்? வீட்டில் இருக்கக்கூடியவர்கள்தான் வருவார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆபத்து குறைந்தவர்கள்.

பதில்: மகளிர்நல மருத்துவர், மதுரை

செவிலியர் அம்மா எழுதியதற்கு மேல் சேர்க்க அதிகம் இல்லை. ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

கண்ணால் பார்க்கும் பரிசோதனை, பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. திண்டுக்கல் ஆய்வில் பயிற்சியும் கண்காணிப்பும் இடைவிடாமல் இருந்தன. அதே காலகட்டத்தில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வில், இதே முறையில் பரிசோதிக்கப்பட்ட குழுவில் இறப்பு குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. ஆனால், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான டி.என்.ஏ. பரிசோதனை செய்யப்பட்ட குழுவில் இறப்பு ஏறக்குறையப் பாதியானது. 2009இல் அது வெளியானது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனமும், இயன்ற இடங்களில் எச்.பி.வி. பரிசோதனையையே முதல் பரிசோதனையாக வைக்கப் பரிந்துரைக்கிறது. நகரத்துத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுபவருக்கு இந்தப் பரிசோதனை கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, அவசரமாகப் பயிற்சி பெற்றுப் பல வேலைகளுக்கிடையே பார்க்கும் ஒருவரின் கண்தான் கிடைக்கிறது. ஏற்றத்தாழ்வு என்பது பரிசோதனை உண்டா இல்லையா என்பதோடு முடிவதில்லை; எந்தப் பரிசோதனை என்பதிலும் இருக்கிறது.

எச்.பி.வி. பரிசோதனையின் இன்னொரு நன்மை, மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பது. மென்மையான சிறு தூரிகை போன்ற குச்சியை அவரே உள்ளே செலுத்தி எடுத்துக் குப்பியில் போட்டால் போதும். மேசையில் படுத்துக் கால் விரிக்க வேண்டியதில்லை. ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற தயக்கமும் இல்லை. கொடைக்கானல் மலைச்சரிவில் வாழும் பளியர் குடியிருப்புகள் போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் அறியேன். உங்கள் குழுக்களே மாதிரிகளைச் சேகரித்துக் கொடுக்கவும் முடியும். முடிவு "வைரஸ் உண்டு" என்று வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல; இந்த வைரஸ் பெரும்பாலோருக்கு வந்து தானாகவே மறைந்துவிடும், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கும்போதுதான் மாறுதல் உண்டாகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்காமல் முடிவை மட்டும் கொடுத்தால் குடும்பத்தில் சந்தேகப் பேச்சு கிளம்பும். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே சண்டை மூண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு பிரிவினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு, மாறுதல் ஏற்படும் பகுதி கர்ப்பப்பைக் கழுத்தின் உட்பக்கமாகச் சென்றுவிடுவதால், கண்ணால் பார்க்கும் பரிசோதனை அவர்களிடம் சரியாகப் பயன்படாது. நம் நாட்டில் இந்நோய் அதிகமாகத் தாக்குவதோ ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும். அந்த வயதுப் பெண்கள், குறிப்பாகக் கணவரை இழந்தவர்கள், "இனிமேல் எனக்கு அங்கே என்ன சோதனை" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். சுகாதார ஊழியரும் கர்ப்பிணிகளையும் இளந்தாய்மார்களையும் தேடுவது போல் அவர்களைத் தேடுவதில்லை. தீட்டு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது உடனே பார்க்க வேண்டிய அறிகுறி. அதற்குப் பரிசோதனை முகாமுக்காகக் காத்திருக்கவே கூடாது. உங்கள் கூட்டங்களில் வேறு எதைச் சொல்ல நேரமில்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. அவர்களுக்கு 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி எழுதியவர்: ஒட்டன்சத்திரம் குழுத்தோழி

இருவருக்கும் நன்றி. பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதப்படுவதைப் பற்றிச் செவிலியர் அம்மா சொன்னதைப் படித்தபோது, எங்கள் ஊரில் சீட்டு வாங்கிக்கொண்டு போகாமல் இருந்துவிட்ட பெண்களைப் பற்றி நானும் அப்படித்தானே பேசக் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. இன்னொரு கேள்வி. நோய் உறுதியானவர்களிடம் காப்பீட்டு அட்டை இருந்தும் சிலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். செலவு அரசுடையதாக இருக்கும்போது இது எதனால் நேர்கிறது?

பதில்: மருத்துவமனைச் சமூகப்பணியாளர்

புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் நோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பரவிய நிலையில் வருபவர்களுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை செய்வதில்லை. கதிர்வீச்சும், அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் கொடுப்பார்கள். ஊரில் "கரன்ட் வைப்பது" என்பார்களே, அது திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும், ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நடக்கும். பிறகு, உள்ளே கருவி பொருத்தித் தரும் உள்வழிக் கதிர்வீச்சு சில தவணைகள் உண்டு. இவை அனைத்தும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். அதாவது, மருந்தைப் போலவே நாட்காட்டியும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இத்திட்டம் இல்லாவிட்டால் என் பிரிவில் படுக்கைகள் பாதி காலியாக இருந்திருக்கும். நோயாளிகள் வீட்டிலேயே இறந்திருப்பார்கள். ஆனால் காப்பீடு மருத்துவமனைக்குத்தான் பணம் கொடுக்கிறது, நோயாளிக்கு அல்ல. நாள்தோறும் பத்து நிமிடம் நடக்கும் சிகிச்சைக்காக வெளியூர்க்காரர் இரண்டு மாதம் நகரத்தில் தங்க வேண்டும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, உடனிருப்பவரின் கூலியிழப்பு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள், கறவை மாடு, கட்ட வேண்டிய குழுக்கடன் தவணை ஆகியவற்றுக்கு எந்த அட்டையும் இல்லை. மூன்றாம் வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிடும், வலியும் குறையும். அப்போதுதான் "சரியாகிவிட்டது, போய்விட்டு வருகிறேன்" என்று கிளம்புகிறார்கள். உள்வழிக் கதிர்வீச்சு பாக்கி இருக்கும். அதை விட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவதை மீண்டும் மீண்டும் பார்க்கிறோம்.

இரண்டாவது தடை உடலின் நிலை. மாதக்கணக்கில் ரத்தம் போனவர்களுக்கு ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருக்கும். ரத்தம் ஏற்றிய பிறகே தொடங்க முடியும். ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொன்னால், உறவினர்களில் ஆண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்தே அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன இடம் என்று சொல்லிவிடலாம். சிலருக்குக் கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்திச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு சிஸ்பிளாட்டின் கொடுக்கவே தயங்குவார்கள். தாமதமாக வந்ததன் விலையைச் சிகிச்சையின் ஒவ்வொரு படியிலும் கட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, காப்பீட்டுக்கு வருவதற்கு முன்பே காலியாகிவிட்ட பை. வெள்ளைப்படுதல் என்று மருந்துக்கடையில் தொடங்கி, பக்கத்து ஊர்த் தனியார் கிளினிக், நகரத்து ஸ்கேன் மையம் என்று சுற்றிவிட்டு, நகையை அடகு வைத்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதுவரை ஒருவர்கூட உள்ளே கருவி வைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் குழுக்கள் செய்யக்கூடியவை என்று கேட்டீர்கள். வருமானச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் உடன் செல்லுங்கள். அட்டை எடுக்காதவர்கள் நோய் வரும் முன்பே எடுத்துக்கொள்ளட்டும். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். இதைச் சொல்லும்போது பலர் முதன்முறையாகக் கேட்பது போல் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிகிச்சைக்காலம் முழுவதற்கும் அவருடைய குழுக்கடன் தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடுவது. இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. உங்கள் கூட்டமைப்பே முடிவுசெய்யலாம்.

பதில்: வேடசந்தூர் ஆசிரியர்

தடுப்பூசியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். உயர்நிலைப்பள்ளியில் வேலை பார்ப்பதால் எனக்கு இது அன்றாடப் பிரச்சினை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பத்தில் ஏழுக்குமேல் எச்.பி.வி. 16, 18 ஆகிய இரண்டு வகைகளால் வருவது. வைரஸ் தொற்றும் முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போட்டுவிட்டால் தடுப்பூசி மிக நன்றாக வேலை செய்கிறது. ருவாண்டா 2011இலேயே தேசிய அளவில் தொடங்கிவிட்டது. இலங்கை 2017இல் பள்ளிச் சிறுமிகளுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் சிக்கிம் 2018இல் பள்ளிகள் வழியாகப் போட்டு, ஏறக்குறைய எல்லாச் சிறுமிகளையும் எட்டிக் காட்டியது. மற்ற மாநிலங்களில் நெடுங்காலம் அது பணமிருந்தவர் பிள்ளைக்கு மட்டுமானதாக இருந்தது. 2022இல் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசி ஒப்புதல் பெற்ற பிறகும், தனியாரிடம் ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். வெளிநாட்டுத் தயாரிப்புகள் அதைவிட அதிகம். தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதைப் படிப்படியாக இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

அம்பிளிக்கைக்கு இங்கேயும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2009இல் இந்தியாவில் பல மையங்களில், இரண்டு தவணை போதுமா, மூன்று தவணை வேண்டுமா என்று பார்க்கும் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை அம்மையங்களில் ஒன்று. அதோடு தொடர்பில்லாத வேறொரு தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டம் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்துகொண்டிருந்தது. அதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட சில சிறுமிகள் இறந்ததால் 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. கண்டிக்க வேண்டியதுதான். ஏழைப் பிள்ளை என்றால் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்ற நினைப்பு அது.

நிறுத்தத்தால், ஆய்வில் சேர்ந்த ஏறத்தாழ 5,000 சிறுமிகளுக்கு ஒரு தவணையோடு நின்றுபோனது. அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அந்த ஒரு தவணையே நீடித்த தொற்றிலிருந்து 95 விழுக்காடு பாதுகாப்புக் கொடுத்திருப்பது தெரிந்து 2021இல் வெளியானது. 2022இல் ஒரு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இது முக்கியமான சான்றுகளில் ஒன்று. பிரிட்டன் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு தவணைக்கு மாறிவிட்டது. நம் பக்கத்துச் சிறுமிகளின் கையில் விழுந்த ஊசி லண்டன் அரசுக்குச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்த பிறகும், அவர்களின் தங்கைகள் காத்திருந்தார்கள்.

பள்ளியில் போட்டால் எல்லோருக்கும் போய்ச்சேரும் என்று எண்ணிவிடாதீர்கள். பதினான்கு வயதுக்குள் படிப்பை விட்டவர்கள், பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போனவர்கள், சிறு வயதிலேயே திருமணம் பேசப்படுகிறவர்கள் வருகைப்பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். பிற்காலத்தில் இந்நோய்க்கு அதிகம் ஆளாகப்போகிறவர்கள் அவர்கள்தான். அந்தப் பெயர்ப்பட்டியல் எங்களிடம் இல்லை, உங்கள் குழுக்களிடம் இருக்கிறது.

கேள்வி எழுதியவர்: ஒட்டன்சத்திரம் குழுத்தோழி

கடன் தவணை பற்றிய யோசனையை வரும் செயற்குழுவில் வைக்கிறேன். எதிர்ப்பு வரும் என்று நினைக்கவில்லை. பள்ளியை விட்ட பெண்பிள்ளைகளின் பட்டியலையும் எங்களால் தயாரிக்க முடியும். மருத்துவரிடம் ஒரே ஒரு சந்தேகம். எங்கள் பகுதியில் நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் ஏராளம். அவர்களைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டுமா?

பதில்: மகளிர்நல மருத்துவர், மதுரை

கர்ப்பப்பையோடு அதன் வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்திருந்து, எடுத்ததற்கான காரணம் நார்க்கட்டி, அதிக ரத்தப்போக்கு போன்றதாக இருந்தால் தேவையில்லை. சில அறுவை சிகிச்சைகளில் வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுப்பார்கள்; அவர்களுக்குப் பரிசோதனை மற்றவர்களைப் போலவே தேவை. புற்றுக்கு முந்தைய மாறுதலுக்காக எடுத்தவர்களையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். எது எடுக்கப்பட்டது என்பது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். பலரிடம் அந்தச் சீட்டு இருக்காது. அப்படியானால் சுகாதார நிலையத்தில் ஒருமுறை கருவி வைத்துப் பார்த்தாலே வாய்ப்பகுதி இருக்கிறதா என்று செவிலியருக்குத் தெரிந்துவிடும். அழைக்கும்போது அவர்களையும் சேர்த்தே அழையுங்கள்.